ஆட்டத்தை நிறுத்தினால் ரவுண்டு போச்சு

"நடுவரின் தீர்ப்பே இறுதியானது." நம்ம பக்கம் கபடிப் போட்டி, கிரிக்கெட் போட்டி எதற்கு நோட்டீஸ் அடித்தாலும் கடைசியில் இந்த வரி இருக்கும். அதற்கு மேலே உபயதாரர்களின் போட்டோ, முதல் பரிசு, இரண்டாம் பரிசு, நுழைவுக் கட்டணம், செல் நம்பர். வேப்பூரில் டெக்கன் 7 என்ற சண்டை வீடியோ கேமுக்குப் போட்டி நடத்தப் போகிறோம் என்று எங்கள் தெருப் பையன்கள் எடுத்துவந்து காட்டிய நோட்டீஸும் அச்சு அசல் அப்படியேதான் இருந்தது. விதி என்று பார்த்தால் ஒரே ஒரு வரி. மேலே சொன்னேனே, அதே வரி.

"நடுவர் யாருடா?" என்றேன்.

"நீங்கதாண்ணா."

இந்தப் பதிவு பிறந்தது அப்படித்தான்.

கபடியில் அந்த வரிக்கு வேலை உண்டு. கோட்டைத் தாண்டினானா, தொட்டானா, பாட்டு விட்டானா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். டெக்கனில் அந்த வேலையை மெஷினே பார்த்துக்கொள்கிறது. அடி பட்டதா, தடுத்தானா, யார் முதலில் விழுந்தார் என்பதில் வாதத்துக்கே இடமில்லை. நொடிக்கு 60 முறை கணக்குப் போட்டுத் திரையில் காட்டிவிடும். இந்த விளையாட்டில் தகராறு வருவதெல்லாம் திரைக்கு வெளியே. யார் எந்தப் பக்கம் உட்காருவது, யாருடைய ரிமோட் மக்கர் செய்தது, கரண்ட் போனால் என்ன கணக்கு, லேட்டாக வந்தவனை என்ன செய்வது, அந்த ஆளை எடுக்கலாமா கூடாதா. இதையெல்லாம் முதல் நாளே தாளில் எழுதி ஒட்டிவிட்டால் நடுவருக்கு வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வராது. எழுதாமல் விட்டதற்கெல்லாம் சேர்த்துப் போடும் பூட்டுதான் "நடுவரின் தீர்ப்பே இறுதியானது". அந்தப் பூட்டை உடைக்க நம்ம ஊரில் ஐந்து நிமிடம் போதும்.

முதலில், விதிகளை வெளிநாட்டுப் போட்டியிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிவிடலாம் என்று ஒரு தம்பி சொன்னான். சண்டை விளையாட்டுகளில் பெரிய போட்டி என்றால் லாஸ் வேகஸில் நடக்கும் ஈவோ. அது 1996இல் கலிபோர்னியாவின் சன்னிவேலில் 'பேட்டில் பை த பே' என்ற பெயரில் 40 பேரோடு ஆரம்பித்தது. 40 பேர் என்பது கூட்டுரோட்டு டீக்கடையில் சாயங்காலம் நிற்கும் கூட்டம். அப்போது ஆடியது ஆர்கேட் மெஷினில். 2004இல் வீட்டில் வைத்து ஆடும் கன்சோலுக்கு மாறினார்கள். பழைய ஆட்கள் அதற்கு முணுமுணுத்தார்கள். இன்றைக்கு ஈவோவில் உள்ள விதிகள் ஒவ்வொன்றும் அவர்கள் ஊரில் வந்த ஒவ்வொரு தகராறின் தழும்பு. நம் தகராறு வேறு. அங்கே போட்டியாளர் தன் கன்ட்ரோலரைத் தானே கொண்டுவர வேண்டும் என்பது அடிப்படை விதி. இங்கே அந்த விதியைப் போட்டால் போட்டிக்கு வருகிற கூட்டம் பாதிக்கு மேல் குறைந்துவிடும். முக்கால்வாசிப் பேர் நண்பன் வீட்டில் ஆடிப் பழகியவர்கள், சொந்தமாக ஒன்றும் கிடையாது.

அதனால் ரிமோட் விஷயத்தை (எங்கள் ஊரில் கன்ட்ரோலருக்கு அதுதான் பெயர்) இப்படி எழுதினேன். போட்டி நடத்துகிறவர்கள் ஒரு மெஷினுக்கு மூன்று ரிமோட் வைத்திருப்பார்கள். இரண்டு ஆட, ஒன்று உபரி. சொந்த ரிமோட் கொண்டுவருபவர் தாராளமாகக் கொண்டுவரலாம். ஆனால் ஒரே பட்டனைத் தானாகத் திரும்பத் திரும்ப அடிக்கும் டர்போ வசதி, ஒரு பட்டனில் நாலைந்து அடியைச் சேர்த்துப் பதிந்துவைக்கும் மேக்ரோ வசதி இரண்டையும் பயன்படுத்தக் கூடாது. ஆட்டம் தொடங்குமுன் எல்லாப் பட்டனையும் அழுத்திப் பார்க்க நேரம் உண்டு. அந்த நேரத்தில் சொல்லாத பழுதைத் தோற்ற பிறகு சொன்னால் செல்லாது. கடைசி வாக்கியத்தைத் தடித்த எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு தொல்லை வயர் இல்லாத ரிமோட். பிளேஸ்டேஷன் 4 ரிமோட் புளூடூத்தில் பேசுவது. தோற்றுவிட்டு வெளியே போய் நிற்கிறவன் கையில் இருக்கும் ரிமோட் இன்னும் அந்த மெஷினோடு ஒட்டிக்கொண்டிருந்தால், அவன் சும்மா நடுவில் இருக்கும் பட்டனைத் தட்டினாலும் உள்ளே ஆடிக்கொண்டிருப்பவர்களின் ஆட்டம் கெடும். வேண்டுமென்றே செய்தானா, கை பட்டுவிட்டதா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. வழி எளிது. மெஷினின் அமைப்புக்குள் போய், ரிமோட் யூஎஸ்பி கேபிள் வழியாகத்தான் பேச வேண்டும் என்று மாற்றிவிடலாம். சொந்த ரிமோட்டைக் கொண்டுவந்து இணைத்தவர், எழுந்து போகுமுன் இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் போக வேண்டும். கேபிள் நீளமாக வாங்குங்கள். ஓட்டை சார்ஜர் கேபிள் உதவாது, அது சார்ஜ் மட்டும்தான் ஏற்றும்.

ஆட்டத்துக்கு நடுவே நிறுத்தும் பட்டனை அழுத்தினால்? பல பெரிய போட்டிகளில் உள்ள வழக்கத்தையே எடுத்துக்கொண்டேன். அழுத்தியவருக்கு அந்த ரவுண்டு போச்சு. கை தவறிப் பட்டதா என்ற கேள்வியே கிடையாது. எதிராளி பெரிய மனது பண்ணி "பரவால்ல, ஆடலாம்" என்று சொன்னால் தொடரலாம். அது அவர் உரிமை, நடுவர் உரிமை இல்லை. கொடுமையான விதி என்று ஒரு தம்பிக்கு வருத்தம். ஒரு அடியிலிருந்து அடுத்த அடிக்குக் கோத்துக்கொண்டு போகும்போது நடுவில் அரை நொடி நின்றாலும் அந்த வரிசை குலைந்துவிடும். திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. இழப்பீடு கொடுக்க முடியாத தப்புக்கு ரவுண்டைத்தான் கொடுக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஒரு கதை உண்டு. 2015 ஈவோவில் கில்ட்டி கியர் எக்ஸ்ஆர்டி ஆட்டம். ஜப்பானைச் சேர்ந்த வோஷிகே, ஒகாவாவுக்கு எதிராக ஒரு ரவுண்டை ஜெயித்ததும் மேட்ச்சே முடிந்துவிட்டது என்று நினைத்து எழுந்து நின்று கொண்டாடினார். இன்னும் ஒரு ரவுண்டு பாக்கி இருந்தது. அது ஆரம்பித்தும்விட்டது. ஒகாவா உட்கார்ந்த இடத்தில் இருந்தபடியே அடித்தார். வோஷிகே பதறி வந்து உட்காருவதற்குள் நிலைமை கைமீறிவிட்டது. அந்த ஆண்டு பட்டமும் ஒகாவாவுக்கே. அதில் யாரும் விதியை மீறவில்லை, யாரும் தலையிடவும் இல்லை. எழுந்தது அவர் பாடு. நம்ம ஊரில் இப்படி நடந்தால், "அண்ணா, அவன் ரெடியாவே இல்லண்ணா, திருப்பிப் போடுங்க" என்று இருபது பேர் வருவார்கள். அதனால் ஒரு வரி: ரவுண்டு ஆரம்பித்தால் ஆரம்பித்ததுதான்.

இப்போது பெரிய சண்டைக்கு வருவோம். எந்த கேரக்டரைத் தடை செய்வது?

2000களின் தொடக்கத்தில் விருத்தாசலம் பக்கம் பிளேஸ்டேஷன் கேம் கடைகளில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து டெக்கன் 3 ஆடியவர்களுக்கு இந்தச் சண்டை ஞாபகம் இருக்கும். (அதற்கும் முன்னால் எல்லாரும் ஆடிய 'முஸ்தபா' என்ற கேம் இந்தக் கணக்கில் வராது. அது ரெண்டு பேரும் ஒரே கட்சி.) அன்றைக்கு இரண்டு தடைகள் கடைக்குக் கடை உண்டு. ஒன்று, கான் என்கிற அந்தக் குட்டி டைனோசரை எடுக்கக் கூடாது. இரண்டு, எடியை எடுக்கக் கூடாது. இரண்டும் ஒரே மாதிரித் தெரியும். ஆனால் ஒன்று நியாயம், இன்னொன்று அழுகை.

கான் அவ்வளவு குள்ளம். மற்றவர்கள் நின்றபடி வீசும் குத்து பல அவன் தலைக்கு மேலே காற்றில் போய்விடும். அதாவது எதிராளியின் கையில் இருக்கும் ஆயுதங்களில் ஒரு பங்கை விளையாட்டே பிடுங்கி வைத்துக்கொள்கிறது. எடி அப்படி இல்லை. கால் பட்டன் இரண்டையும் கண்டபடி தட்டினாலே சுழன்று சுழன்று உதைப்பான், பார்க்கிறவனுக்கு எரிச்சலாக இருக்கும், அவ்வளவுதான். குனிந்து தடுக்கவும், அவன் உதைத்து முடித்த இடைவெளியில் திருப்பி அடிக்கவும் தெரிந்தவனிடம் அந்தப் பாச்சா பலிக்காது. தடுக்கத் தெரியாதவர்கள் சேர்ந்து போட்ட தடை அது.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் போட்டிகளில் ஆடிய டேவிட் சர்லின் என்பவர் 'பிளேயிங் டு வின்' என்ற புத்தகத்தில் தடைக்கு மூன்று சோதனை சொல்கிறார். தடையை அமல்படுத்த முடிய வேண்டும். எது தடை, எது இல்லை என்று கோடு கிழித்துக் காட்ட முடிய வேண்டும். தடை போட்டே தீர வேண்டிய நிலைமை உண்மையிலேயே இருக்க வேண்டும். "சும்மா சும்மா ஒரே அடியை அடிக்கக் கூடாது" என்று நம் பையன்கள் நோட்டில் எழுதியிருந்த விதி இதில் முதல் இரண்டிலேயே அடிபட்டுப்போகிறது. எத்தனை தடவை அடித்தால் சும்மா சும்மா? மூன்றா, நாலா? நடுவே ஒரு வேறு அடி போட்டுவிட்டால் கணக்குப் புதிதாக ஆரம்பிக்குமா?

மூன்றிலும் தேறிய பிரபலமான தடை ஒன்று உண்டு. 1994இல் வந்த சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போவில் ஒளிந்திருந்த அகூமா. ஆகாயத்திலிருந்து அவன் வீசும் நெருப்புக்கு மற்றவர்களிடம் பதிலே இல்லை. அமெரிக்காவில் விதியாகவே எழுதித் தடை செய்தார்கள். ஜப்பானில் எழுதவே இல்லை. நல்ல ஆட்டக்காரர்கள் எடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான். ஜப்பான் வழி அழகாக இருக்கிறது என்று எனக்கும் தோன்றும். ஆனால் அது எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த கூட்டத்தில்தான் நடக்கும். நம் போட்டிக்கு விருத்தாசலத்திலிருந்தும் வருவான், சின்னசேலத்திலிருந்தும் வருவான், திட்டக்குடியிலிருந்தும் வருவான். எழுதாத விதி வெளியூர்க்காரனுக்குப் பொறி மாதிரி. வேடிக்கை என்னவென்றால், அதே அகூமா டெக்கன் 7இல் விருந்தாளியாக முறைப்படி உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறான், அங்கே அவனுக்குத் தடை இல்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2020 ஜனவரியில் நடந்த ஈவோ ஜப்பான் டெக்கன் 7 போட்டியில் கடைசி எட்டுப் பேரில் ஆறு பேர் எடுத்தது லீராய் ஸ்மித் என்ற ஒரே கேரக்டரை. அப்போதுதான் புதிதாக வந்தவன், பலம் தாறுமாறு. தாய்லாந்தின் 'புக்' லீராயை வைத்தே பட்டம் வென்றார். பார்த்தவர்கள் சலித்துக்கொண்டார்கள். ஆனால் போட்டி நடத்தியவர்கள் தடை போடவில்லை. பிற்பாடு பண்டாய் நாம்கோ நிறுவனமே அவன் பலத்தைக் குறைத்தது. இன்றைய விளையாட்டுகளில் கேரக்டரைச் சீர்செய்வது தயாரித்தவர் வேலை. ஆகவே எங்கள் போட்டியில் பலத்தைக் காரணம் காட்டி யாருக்கும் தடை இல்லை.

ஒரே ஒரு நிபந்தனை மட்டும் உண்டு, அதை யாரும் முதலில் யோசிக்கவில்லை. லீராய் மாதிரி ஆட்களைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஒருவர் வீட்டு மெஷினில் அவன் இருப்பான், இன்னொருவர் வீட்டு மெஷினில் இருக்க மாட்டான். போட்டிக்கு இரண்டு மெஷினும் இரண்டு வீட்டிலிருந்து வருகின்றன. முதல் சுற்றில் லீராயோடு ஆடியவன் அடுத்த சுற்றில் வேறு மெஷினுக்குப் போனால் அவன் ஆளே இல்லை! எனவே இரண்டு மெஷினிலும் இருக்கிற கேரக்டர்கள் மட்டும்தான் செல்லும். இரண்டு மெஷினிலும் ஒரே பதிப்பு ஏறியிருக்க வேண்டும் என்பதையும் முந்தின நாளே பார்த்துவிட வேண்டும். நெட் இணைப்பே காணாத மெஷினில் பழைய பதிப்பு அப்படியே கிடக்கும். அதே அடி அதில் வேறு மாதிரி விழும்.

டிவியும் அப்படித்தான். டெக்கனில் வேகமான குத்து வந்து சேர 10 பிரேம், அதாவது நொடியில் ஆறில் ஒரு பங்கு. கேம் மோடு போடாத டிவி படத்தை அழகுபடுத்துகிறேன் பேர்வழி என்று அதிலேயே நாலைந்து பிரேமைச் சாப்பிட்டுவிடும். பெரிய டிவி வேண்டும் என்று அலையாதீர்கள். தாமதம் குறைந்த டிவி வேண்டும். அரையிறுதி, இறுதி எல்லாம் ஒரே டிவியில்.

ஆட்ட அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று ரவுண்டு எடுத்தால் ஒரு மேட்ச், ரவுண்டுக்கு 60 நொடி. இரண்டு மேட்ச் எடுத்தால் அடுத்த சுற்று; இறுதியில் மட்டும் மூன்று. முதல் மேட்ச்சுக்கு இருவரும் தங்கள் ஆளை நடுவர் காதில் சொல்லிவிட்டுத் திரையில் எடுக்க வேண்டும், பார்த்துப் பார்த்து மாற்றக் கூடாது. பிறகு ஜெயித்தவர் அதே ஆளோடு தொடர வேண்டும், தோற்றவர் மாற்றிக்கொள்ளலாம். களம் மெஷின் தேர்ந்தெடுப்பது. இடப்பக்கமா வலப்பக்கமா என்பதற்குப் பூவா தலையா. பார்க்கிறவர்களுக்கு இது அற்பமாகத் தெரியும். பக்கம் மாறினால் எல்லா அடிக்கும் திசை தலைகீழாகிவிடும் என்பது ஆடுகிறவனுக்குத் தெரியும்.

ஒரு தடவை தோற்றால் வீட்டுக்கா, இரண்டு தடவையா? இங்கேதான் கணக்கு வருகிறது. 16 பேர், ஒரே தோல்வியில் வெளியே என்றால் 15 ஆட்டம். இரண்டாவது வாய்ப்பு கொடுத்தால் 30, இறுதியில் தோல்வியே காணாமல் வந்தவர் தோற்றால் இன்னொன்று சேர்த்து 31. ஆட்டத்துக்கு, ஆள் மாறி உட்காரும் நேரம் சேர்த்து, 8 நிமிடம் வைத்தால் ஒரு மெஷினில் நாலு மணி நேரம். 32 பேர் என்றால் எட்டு மணிக்கு மேல். நான் இரண்டு தோல்விதான் சரி என்பேன். திட்டக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்தவன் எட்டு நிமிடத்தில் திரும்பிப் போனால் அடுத்த வருஷம் வர மாட்டான். அப்படியானால் 16 பேரோடு நிறுத்துங்கள், அல்லது மெஷினைக் கூட்டுங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம், அது நமக்காக நீளாது. பெயர் கூப்பிட்டு 5 நிமிடத்தில் வராதவருக்கு ஒரு மேட்ச் போச்சு, 10 நிமிடத்தில் ஆட்டமே போச்சு. சீட்டுக் குலுக்கும்போது அண்ணன் தம்பி, ஒரே தெருக்காரர்கள் முதல் சுற்றிலேயே மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் எல்லார் கண் முன்னால்.

கரண்ட். வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை நாளில் ரோட்டில் நெருக்கடி என்பதால் அன்றைக்கு வேண்டாம் என்று ஏற்கெனவே முடிவு. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் நடு ஆட்டத்தில் போனால், முடிந்த ரவுண்டுகள் நிற்கும், பாதி ரவுண்டு மட்டும் திருப்பி ஆட வேண்டும். மெஷின் பழைய கணக்கை ஞாபகம் வைத்திருக்காது. அதனால் புதிதாகத் தொடங்கியதும் முந்தைய ரவுண்டுகளை இருவரும் மாறி மாறிக் கையைக் கட்டிக்கொண்டு நின்று விட்டுக்கொடுக்க வேண்டும். அதற்காகவே ஒரு பையன் ஒவ்வொரு ரவுண்டையும் நோட்டில் குறித்துக்கொண்டு இருக்க வேண்டும்.

"ஆன்லைன் கேமத்தான் தடை பண்ணிட்டாங்களே, போலீஸ் வராதா தம்பி?" என்று உபயம் கேட்கப் போன இடத்தில் ஒரு பெரியவர் கேட்டாராம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்தது பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை. இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து, நுழைவுக் கட்டணத்துக்கும் திறமைக்குத் தரும் பரிசுக்கும் அதில் இடம் கொடுத்திருக்கிறார்கள். பந்தயம் மட்டும் கூடவே கூடாது. நம் போட்டி நெட்டிலும் நடக்கப்போவதில்லை. இருந்தாலும் கட்டணத்தையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஜெயித்தவனிடம் தூக்கிக் கொடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பார்க்கிறவர் கண்ணுக்கு அது சூதாட்டம்தான். கட்டணம் இடத்துக்கும் ஜெனரேட்டருக்கும் போகட்டும், பரிசு உபயதாரர் தரட்டும். விருத்தாசலத்துப் பீங்கான் கோப்பை ஒன்று சொல்லிச் செய்யலாம் என்று பேச்சு. வெளியே நின்று யார் ஜெயிப்பார் என்று காசு கட்டுகிறவர்களை அனுப்பிவிட வேண்டும், அவர் உபயதாரராக இருந்தாலும்.

வாய் விஷயம். கிண்டல் இல்லாமல் டெக்கன் இல்லை, கூட்டம் கத்தட்டும், "குனிடா, கீழ வர்றான்" என்று சொல்லித் தரட்டும். அதைத் தடுத்தால் கேட்க மாட்டார்கள், அமல்படுத்த முடியாத விதியாகிவிடும். ஆனால் சாதி, வீட்டுப் பெண்கள், உடம்பு இந்த மூன்றைத் தொட்டால் எச்சரிக்கை கிடையாது, நேரே வெளியே. 2012இல் காப்காம் நிறுவனம் நடத்திய 'கிராஸ் அசால்ட்' நிகழ்ச்சியில் ஒரு பெண் போட்டியாளரை அவர் அணியின் பயிற்சியாளரே ஆபாசமாகப் பேசித் துரத்தினார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது, அந்தப் பெண் விலகிப் போய்விட்டார். எங்கள் நோட்டீஸில் பெண்களுக்குத் தனிப் பிரிவு போடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம். எல்லாருக்கும் ஒரே பட்டியல். இந்த ஒரு விதியை ஒழுங்காக நடத்தினால் வருகிறவர்கள் வருவார்கள்.

இவ்வளவு எதற்கு, சின்ன ஊர்ப் போட்டிதானே என்று கேட்பவர்களுக்கு: 2019இல் ஒரே வருஷத்தில் ஈவோ ஜப்பான், ஈவோ இரண்டையும் டெக்கனில் வென்ற அர்ஸ்லான் ஆஷ் லாகூர்க்காரர். அதுவரை டெக்கன் என்றால் பெரும்பாலும் கொரியாவைத்தான் சொல்வார்கள். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5க்குப் பதக்கமே கொடுத்தார்கள். இந்தியாவிலிருந்து மயங்க் பிரஜாபதியும் அயன் பிஸ்வாஸும் ஆடினார்கள். தங்கம் வாங்கிய கொரியாவின் கிம் குவான்-வூவுக்கு வயது 44. இதை என் வீட்டில் படித்துக் காட்டினேன், எதிர்பார்த்த மரியாதை கிடைக்கவில்லை.

தாள் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. பாக்கி இரண்டு. இரண்டாவது டிவி யார் தருவது என்று இன்னும் முடிவாகவில்லை; கேம் மோடு உள்ள டிவி வைத்திருக்கும் வேப்பூர்க்காரர்கள் சொல்லுங்கள். அப்புறம், நடுவர் தானும் போட்டியில் ஆடலாமா என்று ஒரு கேள்வி வந்திருக்கிறது. கேட்டது நான்தான். பையன்கள் யோசித்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள்.